குழாய்க்குப் போட்ட பூட்டு

தலைவர் அண்ணை, கோயில் குழாய்க்குப் பூட்டுப் போட்டது நீங்கள்தான்.

கனடாவில், இந்த ஸ்காபரோ நகர வாடகை கட்டுப்படியாகாமல், கட்டிலும் அடுப்பும் உள்ள ஆர்வி வண்டியொன்றில் வாழ்கிறேன். சமைக்கவும் குளிக்கவும் அதன் தாங்கியில் தண்ணீர் நிரப்ப வேண்டும். கோயிலின் பின்பக்கக் குழாயில் வாளியால் பிடித்து நிரப்புவேன். வெள்ளிதோறும் அன்னதானச் சோறு பொங்கும் பெரிய கிடாரங்களையும் நான்தான் கழுவுவேன்.

போன வெள்ளி கடைசிக் கிடாரத்தைக் கவிழ்த்துவிட்டு வாளியை எடுத்தேன். நீங்கள் குழாயைப் பூட்டினீர்கள்.

“வான் வண்டிக்குள்ள சீவிக்கிற ஆள் இஞ்ச தண்ணி அள்ளினா, சனம் என்ன நினைக்கும்?”

“அப்ப கிடாரம் கழுவ?”

“அதுக்கு வாரும் தம்பி. அது புண்ணியமெல்லே.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெறும் வாளியோடு வெளியே வந்தேன். எதிரே கார் திருத்தும் கராஜ்காரருக்குத் தமிழும் தெரியாது, என்னையும் தெரியாது. வாளியைப் பார்த்தவர் ஒன்றும் கேட்காமல் தன் தண்ணீர் ஹோஸை இழுத்துவந்து தாங்கியை நிரப்பிவிட்டார்.

நீங்கள் என்னை ‘நம்மட பிள்ளை’ என்று கூப்பிட்டதை அதுவரை நம்பியிருந்தேன்.

நான் கழுவும் கிடாரத்தில் உங்களுக்குச் சோறு பொங்கலாம், என் வாளிக்குத் தண்ணீர் ஏன் ஆகாது? வரும் வெள்ளி பூசை முடிந்ததும், மைக்கைப் பிடித்து எல்லாரும் கேட்கப் பதில் சொல்லுங்கள்.