சமையலறையில் ஒரு டவுன் பஸ்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கீழ்வீட்டு பிரான்ட் அம்மா என் கதவைத் தட்டி, “உங்கள் சமையலறையில் பஸ் ஓடுகிறதா?” என்று கேட்டார். லைப்சிக் நகரத்துக்கு நான் வந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அவர் சொன்ன ஜெர்மன் வாக்கியத்தில் ‘புஸ்’ என்ற ஒரு சொல் மட்டுமே எனக்குப் பிடிபட்டது. பஸ் நிறுத்தத்துக்கு வழி கேட்கிறார் என்று நினைத்து, படியிறங்கி வலப்பக்கம் போனால் இருக்கிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அந்தத் தெருவிலேயே முப்பது வருடமாகக் குடியிருப்பவர் அவர். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, எனக்குப் பின்னால் மேஜையில் திறந்திருந்த லேப்டாப்பில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைவிட்டுக் கிளம்பும் டவுன் பஸ் ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. “இதுதான்! இதைத்தான் சொல்கிறேன்!” என்று அவர் விரலை நீட்டினார். மேல்வீட்டில் கரண்டி விழுந்தால் கீழ்வீட்டில் தலை நிமிர்கிற ஊர் இது. வாரத்துக்கு மூன்று காலை அவர் தலைக்கு மேலே திண்டுக்கல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கியாக வேண்டும். ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு நான் ஜெர்மன் படிப்பது திண்டுக்கல்லில். சொல்லித்தருபவள் ஜெசிந்தா, என்னோடு பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியிலிருந்து ஆன்லைனில் வகுப்பு நடத்துகிறாள். அவளிடம் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. இணையத்தில் கிடைத்த பாடங்களைப் படித்து, முகம் தெரியாத ஜெர்மன்காரர்களோடு எழுதி, பேசி, திருத்தம் வாங்கியே இந்த மொழியைக் கற்றுக்கொண்டாள்.

நான் அவளைத் தேடிப்போனது வேறு வழியில்லாமல்தான். இங்கே முழு நர்ஸாக வேலை பார்க்க, நர்ஸ்களுக்கான மொழித் தேர்வில் தேற வேண்டும். அதுவரை உதவியாளர்தான். ஊரில் ஏழு வருடம் ஊசி போட்ட கை, இங்கே படுக்கை விரித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் வார்டு பொறுப்பாளர் “ஹால்ப் ட்ரைக்கு வா” என்றார். ஹால்ப் என்றால் அரை, ட்ரை என்றால் மூன்று. மூன்றரைக்குப் போய் நின்றேன். மூன்றுக்கு அரை மணி முன்னால், அதாவது இரண்டரை என்று அர்த்தமாம். யாரும் திட்டவில்லை, மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினார்கள். அதுதான் தாங்கவில்லை. அதற்கடுத்த வாரம் பேச்சுத் தேர்விலும் தோற்றேன். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் தவறினால் ஒப்பந்தம் முடிந்து, ஊர் திரும்ப வேண்டியதுதான்.

ஜெசிந்தாவிடம் போனில் அழுதேன். “அழுகுறத நிப்பாட்டிட்டு நாளைக்குக் கிளாசுக்கு வாடி,” என்றாள். மறுநாள் அவள் அனுப்பிய இணைப்பைத் தட்டியதும் திரையில் ஒரு வெள்ளைப் பலகை விரிந்தது. அதில் ஒரு கடிகாரம். அவள் “ஹால்ப் ட்ரை” என்றதும் இருபத்திரண்டு பெண்கள், இருபத்திரண்டு இடங்களிலிருந்து, ஒரே நேரத்தில் முள்ளை இழுத்தார்கள். ஒவ்வொருவரின் பெயரும் சின்ன அம்புக்குறியோடு ஓடியது. “யாருடி என் முள்ளப் புடிச்சு இழுக்குறது?” என்று ஒருத்தி கத்தினாள். நானும் இழுத்தேன். என்னை அவமானப்படுத்திய அந்த இரண்டரை மணி, ஐந்து நிமிடத்தில் விளையாட்டாகிவிட்டது.

எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் அறை ஞாபகத்துக்கு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவோம். நாற்பது பேருக்கு ஒரே கம்ப்யூட்டர். அதன் உறையை டீச்சர் எடுப்பதைப் பார்ப்போம், திரை நீலமாவதைப் பார்ப்போம், மறுபடி உறை போடுவதைப் பார்ப்போம். ஒருநாள் ஜெசிந்தா எட்டி ஒரு பொத்தானை அமுக்கிவிட்டாள். அன்று முழுக்க வெளியே நின்றாள். அப்போது பாடம் என்றால் தொடாமல் இருப்பது. இப்போது அவள் வகுப்பில் தொடாமல் இருந்தால்தான் திட்டு விழும்.

எல்லாம் சீராக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து சேரும் கார்த்திகாவுக்குச் சொந்த போன் கிடையாது. அண்ணன் தோட்டத்துக்குப் போன் எடுத்துப் போனால் அன்று அவள் பெயர் பலகையில் இருக்காது. கரண்ட் போனால் பாதி வகுப்பு காணாமல் போகும். ஆனாலும் கார்த்திகா மறுநாள் வந்து, விட்ட பலகையைத் திறந்து, எல்லோரும் எழுதியதற்குக் கீழே தன் பதிலை எழுதிவைப்பாள்.

மறுபடி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வாசலில் நான் விழிப்பதைத் திரையிலிருந்து ஜெசிந்தா பார்த்துவிட்டாள்.

“யாருடி அது?”

“கீழ்வீட்டம்மா. சத்தமா இருக்காம்.”

“ஏய், நெசமான ஜெர்மன்காரியா? அம்புட்டுத் தூரத்துல வச்சுப் பேசிக்கிட்டிருக்க! உள்ள கூப்பிடு!”

பிரான்ட் அம்மா தயங்கித் தயங்கி வந்து திரை முன் குனிந்தார். இருபத்திரண்டு குரல்கள் “கூட்டன் டாக்” என்று வணக்கம் சொன்னதில் பின்னால் நகர்ந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஓய்வு பெறும்வரை டிராம் ஓட்டியவராம். அதுவே எனக்கு அன்றுதான் தெரியும்.

“ஏனுங்க மேடம், அவங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுங்களா?” என்றாள் கார்த்திகா. ‘மேஜை மேல்’ என்பதற்குச் சில இடத்தில் ‘டேன் டிஷ்’ என்றும் சில இடத்தில் ‘டேம் டிஷ்’ என்றும் வருவது ஏன்? பிரான்ட் அம்மா யோசித்தார். உதட்டைப் பிதுக்கினார். “அது... அப்படித்தான்,” என்றார். ஜெசிந்தா பலகையில் ஒரு மேஜையும் கோப்பையும் வரைந்தாள். கோப்பையைத் தூக்கி மேஜையில் வைத்தாள்: டேன். வைத்த கோப்பை சும்மா இருந்தது: டேம். நகர்ந்தால் ஒன்று, இருந்தால் இன்னொன்று. பிரான்ட் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “எழுபது வருடமாகச் சரியாகப் பேசுகிறேன், ஏன் சரி என்று இந்தியாவிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது!”

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வந்தார், கேக்கோடு. என் தேர்வுக்காக அவர் நோயாளியானார். இடுப்பு வலி என்று முனகுவார்; வேண்டுமென்றே வாய்க்குள்ளேயே பேசுவார். நான் தடுமாறினால் திண்டுக்கல்லில் யாராவது பலகையில் சொல்லை எழுதிக் காட்டுவார்கள். போகப் போக, அவர்கள் எழுதுவதற்கு முன்பே நான் சொல்ல ஆரம்பித்தேன்.

தேர்வு முடிவை வகுப்பில்தான் திறந்தேன். தேறியிருந்தேன். பலகையில் ‘பாஸ்’ என்று எழுதினேன். அடுத்த நொடி அந்த வெள்ளைப் பலகை முழுக்கப் பூ, பட்டாசு, இதயம், யாரோ வரைந்த ஒரு கோணல் ஊசி. ஜெசிந்தா மட்டும் ஒன்றும் வரையவில்லை. கேமராவை அணைத்துவிட்டு, “செத்த நேரம் இருங்கடி, வாரேன்,” என்றாள். அவள் மூக்கை உறிஞ்சுவது எல்லோருக்கும் கேட்டது.

இப்போது முழு நர்ஸாகத்தான் வேலை பார்க்கிறேன். வகுப்பை விடவில்லை. போன வாரம் ஜெசிந்தா பலகையில் ஓர் உலக வரைபடம் போட்டாள். ஆளுக்கு ஒரே ஒரு ஊசிதான் குத்த முடியும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். திண்டுக்கல்லைச் சுற்றி ஊசிகள் மழையாய் விழுந்தன, தாடிக்கொம்பில் என்னுடையது. அடுத்த கேள்வி: எங்கே வசிக்கிறீர்கள்? யாரும் அசையவில்லை, அசைய வேண்டியது நான் மட்டும்தான். என் பெயர் எழுதிய ஊசியை விரலால் பிடித்து இழுத்தேன். எல்லோர் திரையிலும் அது அரபிக்கடல்மேல் மெல்ல ஊர்ந்தது.

“அக்கா, பாத்துங்க! நடுவுல கைய எடுத்துறாதீங்க, கடல்ல விழுந்துருவீங்க!” என்றாள் கார்த்திகா.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பக்கத்தில் பிரான்ட் அம்மா, “ஹியர், ஹியர்,” என்று லைப்சிக்கைத் தட்டித் தட்டி ‘இங்கே’ என்று காட்டினார். லேப்டாப்பிலிருந்து ஜெசிந்தா, “மெதுவா இழுடி, ஒண்ணும் அவசரமில்ல,” என்றாள். நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். செல்வி என்ற என் பெயர் இன்னும் கருங்கடலைத் தாண்டவில்லை.