கீரை கூடாது என்றதால் வாங்கிய டப்பா

1

லோகநாதன் நீட்டிய ரிப்போர்ட்டில், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் ஒன்று புள்ளி ஆறு என்று இருந்தது. அவருக்கு அது இரண்டரைக்குக் குறையக் கூடாது. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி நெய்பவர். இதயத்தில் செயற்கை வால்வு வைத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அந்த எண் குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், அது மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும். ஏறினாலோ ரத்தக்கசிவு.

டாக்டர் டோஸைக் கூட்டி எழுதியிருந்தார். ஒரே மாதத்தில் இரண்டாவது முறை. மருந்துக்கடைக் கவுண்டரில் முப்பது வருடம் நின்றவன் நான். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன்.

“மாத்திரைய விட்டுட்டியாபா?”

“ஒரு நாளு கூட விடல பாய்.”

“வேற ஏதாவது மருந்து?”

“இல்ல.”

“கீரை?”

“கூடாதுன்னு டாக்டர் சொன்னதுல இருந்து அந்தப் பக்கமே போறதில்ல. வூட்டுல முருங்கை மரமே இருக்குது, தொடறதில்ல.”

கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். அளவு மாறாமல் சாப்பிடுங்கள் என்றுதான் டாக்டர் சொல்லியிருப்பார். ஆஸ்பத்திரி ஓ.பி. கூட்டத்தில் அது ‘கூடாது’ என்று சுருங்கி வீடு வந்து சேரும். நானும் அதைத் திருத்தவில்லை. சொன்னபடி கேட்கிறாரே என்று சந்தோஷப்பட்டு மாத்திரையைக் கொடுத்து அனுப்பினேன்.

2

நான்கு நாள் கழித்து அவர் மனைவி சரோஜா வந்து, “பச்சைப் பவுடரு டப்பா இன்னொண்ணு குடுங்க பாய்” என்றார். தெம்புக்கென்று விற்கும் சத்துப் பவுடர். இரண்டு மாதமாக வாங்குவதுதான். தனக்கு வாங்குகிறார் என்றே நினைத்திருந்தேன்.

“தெம்பா இருக்குதாம்மா?” என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

“எனக்கு எதுக்கு? அவருக்குத்தான். தறிக்குழில மிதிச்சி மிதிச்சி சாயந்தரம் ஓஞ்சி போயிடறாரு. கீரையும் கூடாதுன்னுட்டாங்க. சத்துக்கு எங்க போறது? அதான் கீரைக்குப் பதிலா பவுடரு கலக்கிக் குடுத்துக்கினு இருக்கேன்.”

டப்பாவில் இருப்பதும் இலைதான், அதே வைட்டமின் கே. எடுத்த கையோடு அதைத் திரும்ப வைத்தேன்.

“என்னைக் கேட்டுட்டு வாங்கக் கூடாதாம்மா?” என்று கத்திவிட்டேன்.

“கேட்டேனே பாய். கெடுதல் இல்லியேன்னு கேட்டேன். இலைதானேம்மா, என்ன பண்ணிடப் போவுதுன்னு நீங்கதான் சொன்னீங்க.”

சொல்லியிருந்தேன். கூட்ட நேரத்தில், டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்காமல்.

‘இன்னியோட நிறுத்து’ என்பது அடுத்து வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் இரண்டாவது தப்பு. மாத்திரை டோஸ் ஏற்கெனவே இரண்டு முறை ஏறியிருக்கிறது. பவுடரை மட்டும் சட்டென்று நிறுத்தினால் எண் எகிறிவிடும். சரோஜாவை உட்கார வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். லோகநாதனை அன்றே வரச் சொன்னார். பவுடர் நின்றது, டோஸ் குறைந்தது, அடிக்கடி டெஸ்ட். எண் நிலைக்கு வரும்வரை ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

3

அப்புறம்தான் அந்த டப்பாவைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஐம்பது வகை இலை, காய், பாசி என்று பட்டியல். எல்லாம் சேர்த்து ஒரு ஸ்பூன். எது எவ்வளவு என்று இல்லை. நார்ச்சத்து ஒரு கொய்யாப்பழத்தில் கிடைப்பதைவிடக் குறைவு. வைட்டமின் கே பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆர்டர் எடுக்க வந்த கம்பெனிப் பையனைப் பிடித்துக்கொண்டேன்.

“கே எவ்ளோ இருக்குது தம்பி?”

“ப்ரொப்ரைட்டரி பிளெண்ட் சார். கம்பெனியோட ரகசியக் கலவை, வெளிய சொல்ல மாட்டாங்க.”

“சோர்வு போவும்னு போட்டிருக்குதே, யாருக்குக் குடுத்துப் பாத்தீங்க?”

“கஸ்டமர் ஃபீட்பேக் சார்.”

பாவம், அவனுக்குக் கொடுத்ததை அவன் ஒப்பிக்கிறான். பவுடர் விஷம் என்றும் நான் சொல்ல மாட்டேன். காய்கறியே தொடாதவருக்கு ஏதோ கொஞ்சம் போய்ச் சேரலாம். ஆனால் அந்த விலைக்குக் கூடை கூடையாகக் கீரை வரும். ‘இயற்கை’ என்ற வார்த்தை யாருடைய மாத்திரையையும் விசாரித்துவிட்டு உள்ளே போவதில்லை.

கவுண்டரில் புதிதாக நிற்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ‘மருந்து சாப்பிடறீங்களா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். பவுடர் அவர்கள் கணக்கில் மருந்தும் இல்லை, கீரையும் இல்லை. கரைத்துக் குடிப்பது, மெல்லுவது, முழுங்குவது எல்லாவற்றையும் கேளுங்கள். யாருக்கு என்று கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்து சரோஜா வந்தார். எண் இரண்டு புள்ளி எட்டு. வாரம் இரண்டு நாள், ஒரே அளவாகக் கீரை சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். “முருங்கை மரத்துல இன்னிக்கிதான் கை வெச்சேன் பாய். ஒரு கரண்டி, அளந்துதான் வெச்சேன்” என்றார். பிறகு இருமலுக்கு மருந்து கேட்டார்.

“யாருக்கும்மா?”

சரோஜா சிரித்துவிட்டார். “எனக்குத்தான் பாய். இருந்தாலும் நீங்க பாட்டில படிச்சிப் பாத்துட்டே குடுங்க.”