டேப்பில் கிடந்த எழுத்துரு

தோழி இறந்த சில மாதங்களில் அவள் மகள் சாந்தோமிலிருந்து போன் செய்தாள்.

"ஆன்ட்டி, அம்மாவும் நீங்களும் ஒரு தமிழ் ஃபான்ட் வரைஞ்சீங்களாமே? முதல் வருஷ நினைவுப் பூசை அட்டையை அதுலயே அடிக்கணும்னு ஆசை."

மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்து அச்சகத்தில் நாங்கள் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் வரைந்த எழுத்துரு அது. அச்சகம் மூடியபோது கம்ப்யூட்டர் கோப்புகளைப் பதிந்து வைத்த பேக்கப் டேப் ஒன்றை எடுத்து வந்து பீரோவில் போட்டிருந்தேன். பாட்டு கேசட்டைவிடச் சின்னது. அதைப் படிக்கும் டிரைவ்தான் என்னிடம் இல்லை.

பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்பவரிடம் ஒன்று அகப்பட்டது. முகப்பில் எழுதியிருந்ததெல்லாம் அழிந்திருந்தது.

"இத்த எடுத்துக்கினு போய் இன்னாக்கா பண்ணப் போற? ஓடும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

மயிலாப்பூர் வீட்டில், லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டரில் டிரைவை இணைக்கும் கார்டைச் செருகினேன். டிரைவ் தென்படவேயில்லை. கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டியதும் திரையில் மாடல் எண் வந்தது. தேடிப் பார்த்தேன். எங்கள் டேப்பைப் படிக்கக்கூடிய வகைதான்.

ஆனால் எத்தனை முறை ஓட்டினாலும் டேப்பின் தொடக்கத்தில் இருந்த அச்சகத்துப் பில்கள்தான் வந்தன. ஒரே டிரைவுக்கு லினக்ஸ் இரண்டு பெயர் வைத்திருப்பது பிறகுதான் புரிந்தது. st0 என்று கூப்பிட்டால் வேலை முடிந்ததும் டேப்பை முதலுக்கே சுற்றிவிடும். nst0 என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டாவது பெயரைச் சொல்லி அடுத்த பேக்கப்புக்கு நகர்த்தினேன். டிரைவ் முனகிக்கொண்டே படித்தது. கோப்புப் பெயர்களுக்கு நடுவே எங்கள் எழுத்துரு வந்தபோது, பக்கத்து நாற்காலியில் அவள் இல்லையே என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். எழுத்துருவைத் திறந்து காட்டினேன். அந்தக் காலத்து வழக்கப்படி, ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய கட்டங்களில் தமிழ் எழுத்துகள் வரிசையாக நின்றன. திரையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதுல அம்மா வரைஞ்சது எது ஆன்ட்டி?"

'ண' அவளுடையது, அந்தச் சுழிகளோடு அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். மற்றவற்றை உற்று உற்றுப் பார்த்தேன். ஒருவர் வரைந்ததை மற்றவர் திருத்தித் திருத்தி, எது யாருடையது என்று பிரிக்கவே முடியவில்லை. கேட்டால் அவள் ஒருத்திதான் சொல்லியிருப்பாள்.

"'ண' அம்மாவோடது. மத்தது தெரியலம்மா" என்றேன்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து அட்டையை அடித்தோம்.