இரண்டு பாஷையிலும் மாமா

நேற்று மாத்தளை பஸ்ஸில் ஒரு குழந்தை கண்டக்டரை "மாமா" என்று கூப்பிட்டது. தமிழ்க் குழந்தையா, சிங்களக் குழந்தையா என்று தெரியவில்லை. இரண்டு பாஷையிலும் மாமா மாமாதான். எனக்கு என் தங்கச்சியின் பழைய குரல் கேட்டது.

அப்போது யுத்த காலம். மாத்தளையை அடுத்த அலுவிகாரைக்குப் பக்கத்தில் ராணுவம் நாங்கள் போன பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கியது. ஒரு சிப்பாய் அப்பாவின் அடையாள அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவரைத் தனியே நிற்க வைத்தான். சின்னவளான தங்கச்சி தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு அவனிடம் போனாள்.

"மாமா, தண்ணி குடிக்கிறீங்களா?"

பெரியவர்களை முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும், வெயிலில் வந்தவர்களிடம் முதலில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வேண்டும். அம்மா எங்களைப் பழக்கியது அப்படி.

சிங்களவனான அவனுக்கு "மாமா" என்ற சொல் மட்டும் விளங்கியிருக்க வேண்டும். வாங்கிக் குடித்தான். போத்தலோடு அட்டையையும் அவள் கையிலேயே கொடுத்தான்.

பஸ் புறப்பட்டதும் அப்பா, "பாப்பா கெட்டிக்காரி. தந்திரமா பேசி என்னைய காப்பாத்திருச்சு" என்றார்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தந்திரமா? அந்த ஆமிக்காரப் புள்ள எவ்வளவு நேரமா வெயில்ல நிக்குதோ. தாகமா இருக்காதா?"