முழங்காலுக்குக் கீழே

என்னை அடித்துக் காட்டித்தான் எங்கள் கம்பெனி சரக்கை விற்றது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். அப்போது நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஓசூர் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருபது பேர் வேலை செய்கிற சின்னக் கம்பெனி அது. போலீசுக்கான பிளாஸ்டிக் லத்தி, கல்லெறியைத் தாங்குகிற ஷீல்டு, தோளிலும் மார்பிலும் மாட்டுகிற கவசம், ரப்பர் குண்டு, இவைதான் எங்கள் சரக்கு. குண்டில் எங்கள் வேலை உருண்டையோடு சரி. மருந்து அடைத்துத் தோட்டாவாக்குவது வடக்கே உரிமம் வைத்திருந்த வேறொரு கம்பெனி. நாடு முழுக்க எங்களைப் போன்ற கம்பெனிகள் கொஞ்சம்தான். எல்லாருக்கும் வாடிக்கையாளர் ஒரே ஆள், காக்கி.

எங்கள் ஓனர் பெங்களூர்க்காரர். டிவியில் எந்த மாநிலத்தில் கலவரம் என்று வந்தாலும் சத்தத்தைக் கூட்டி வைப்பார். மற்றவர்கள் ஐயோ என்கிற இடத்தில் அவர் டைரியைத் திறப்பார். கல் விழுந்த ஊரிலிருந்து இரண்டு மூன்று மாதத்தில் டெண்டர் வந்துவிடும். ‘ஆளைக் கொல்லாத ஆயுதம்’ என்பதுதான் எங்கள் விளம்பரத் தாளின் முதல் வரி.

வாங்க வருகிற அதிகாரிகள் தாளை நம்ப மாட்டார்கள். ஷெட்டுக்குப் பின்னால் என்னை நிறுத்தி, கவசத்தை மாட்டி, லத்தியை அவர்கள் கையில் கொடுப்பார் ஓனர். ‘ஏனூ ஆகல்ல சார், அடிங்க’ என்பார். ஒன்றும் ஆகாது என்று கன்னடத்தில் சொல்வதற்கு அவருக்கு வாய் கூசாது. முதல் அடியைக் கூச்சத்தோடு அடிப்பார்கள். மூன்றாவது அடியில் கூச்சம் போய்விடும். ஒருவர் கவசம் இல்லாத தொடையில் வேண்டுமென்றே நாலு போட்டுவிட்டு, ‘நல்ல பேலன்ஸ்’ என்று லத்தியைப் பாராட்டினார். அன்று இரவு என் மனைவி எண்ணெய் தேய்க்கும்போது திட்டிய திட்டை எழுத முடியாது. மறுநாள் லீவு கிடைக்கும் என்பதற்காக நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அடி வாங்கவும் ஒரு திறமை வேண்டும் என்று அப்போது எனக்கு நினைப்பு.

ரப்பர் குண்டுக்கு மட்டும் ஆள் நிற்பதில்லை. ஜவளகிரி போகிற பக்கம் ஒரு பொட்டல் நிலத்தில், முறையாக அனுமதி வாங்கி, மரத்தூள் அடைத்த சாக்குகளை ஆள் உயரத்துக்குக் கம்பில் கட்டி வரிசையாக நிறுத்துவோம். நேராகச் சுடக்கூடாது. கூட்டத்துக்கு முன்னால் தரையில் சுட வேண்டும், குண்டு எகிறிப் போய்க் காலில் படும். சாக்கில் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று சாக்பீஸால் கோடு போடுவதும், சுட்டு முடித்ததும் எங்கே பட்டது என்று பார்ப்பதும் என் வேலை. பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பெரிய மேதாவி என்ற எண்ணம் வந்துவிட்டது. அத்தனை வருஷத்தில் ஒரு சாக்கைக்கூட நாங்கள் உட்கார வைத்துச் சுட்டுப் பார்த்ததில்லை.

என் மனைவியின் தம்பி, உத்தனப்பள்ளியிலிருந்து வந்து எங்களோடு தங்கி, கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்டில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். நாலு வருஷமாகியும் பெர்மனென்ட் செய்யவில்லை. ஒரு மாதமாக வேலைநிறுத்தம். கேட்டைவிட்டு நகர மாட்டோம் என்று உட்கார்ந்திருந்தார்கள். ரிசர்வ் போலீஸ் இறங்கிவிட்டது என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கேட்டான்.

‘மாமா, சுட்டா என்னா பண்றது?’

‘ரப்பர்தான் சுடுவான். அதையும் தரையிலதான் சுடணும், ரூல் அது. எகிறி கால்லதான் படும்.’

‘ஓடிட்டா?’

‘ஓடாத மாப்ள. ஓடறவன் முதுகுலதான் லத்தி விழும், நான் வாங்கிப் பாத்தவன் சொல்றன். காலை நல்லா மடக்கி, சம்மணம் போட்டு உக்காந்துக்கோ. காலே இல்லன்னா எங்க படும்?’

அவன் சிரித்தான். என் மனைவி சமையலறையில் இருந்தாள், அவள் காதில் இது விழவில்லை. நான் இன்னொரு தோசை கேட்டேன்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அவன் கம்பெனிப் பக்கம் சத்தம் கேட்டு எங்கள் ஷெட்டின் ஷட்டரை இறக்கச் சொன்னார் ஓனர். நான் குனிந்து வெளியே ஓடினேன். கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடைச் சுவர். அங்கே போலீஸ் தடுப்பு போட்டிருந்தது, அதற்கு மேல் என்னை விடவில்லை. கேட்டுக்கு முன்னால் லத்தி இறங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் லத்தி எலும்பில் படுகிற சத்தம் வேறு, சதையில் படுகிற சத்தம் வேறு. அந்தக் கூச்சலிலும் எனக்கு இரண்டும் பிரித்துக் கேட்டது. கீழே விழுந்த ஒருவரின் விலாவில் மூன்று பேர் மாற்றி மாற்றி அடித்தார்கள். அவர் செருப்பைத் தேடிக் கையை நீட்டினார், அந்தக் கையிலும் ஓர் அடி. ஒருத்தர் மண்டை பிளந்து, ரத்தம் கண்ணில் இறங்க, சுவரைத் தடவிக்கொண்டு தப்பான திசையில், போலீசை நோக்கியே நடந்தார். இந்தப் பக்கமிருந்து கல் பறந்தது. ஒரு போலீஸ்காரருக்கு வாயில் பட்டு, பல்லைக் கையில் துப்பினார். அதன் பிறகு அடிக்கு அளவே இல்லை.

கூட்டம் கலைந்து ஓடியது. ஓடி முடிந்த இடத்தில், நடு ரோட்டில், ஒரே ஒருத்தன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். காலை நன்றாக மடக்கி, இரண்டு கையையும் மடியில் வைத்து, பந்தியில் இலைக்குக் காத்திருப்பவன் மாதிரி.

‘எந்திரிடா! ஓடுடா டேய்!’ என்று கத்தினேன். அவனுக்குக் கேட்டிருக்காது. துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்துத்தான் சுட்டார்கள். அவனுக்கு முன்னால் தரையில் புழுதி கிளம்பியதை நான் பார்த்தேன். நிற்கிறவனுக்கு முழங்கால் இருக்கிற உயரத்தில் அவனுக்கு முகம் இருந்தது.

அவன் கத்தவில்லை. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு முன்பக்கமாகச் சாய்ந்தான். விரலிடுக்கில் வழிந்தது ரத்தம் மட்டும் இல்லை. நான் தடுப்பைத் தாண்டி ஓடினேன். என் மேலும் லத்தி விழுந்தது. கவசம் இல்லாமல் முதுகில், கழுத்தில், காதோரத்தில். எத்தனை என்று தெரியாது. அவனைத் தூக்கித் தோளில் போட்டபோது என் சட்டைக்குள் சூடாக இறங்கியது அவன் ரத்தமா என்னுடையதா என்றும் தெரியவில்லை.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் அன்று மாலையே கண்ணை எடுத்துவிட்டார்கள். வலது கண் பிழைத்துவிடும் என்றார் டாக்டர். அவனோடு வேலை செய்த ஒருவர், ரோட்டில் பொறுக்கிய குண்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வராந்தா விளக்கடியில் நின்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் அச்சில் வார்த்தால் நடுவே மெல்லிய கோடு ஒன்று ஓடும். இதில் கோடு இல்லை. வேறு கம்பெனிச் சரக்கு.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை ஒளிக்க விரும்பவில்லை, அப்படியே நெஞ்சு லேசாகிவிட்டது. என் மனைவியிடம் போய், ‘நம்ம கம்பெனிது இல்ல’ என்று சொல்லியும் தொலைத்தேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். ‘அதுக்கு?’ என்றாள். அந்த ஒரு சொல்லில் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

மறுநாள் அவன் பேசத் தொடங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, ‘எல்லாரும் ஓடறப்ப நீ மட்டும் ஏன்டா உக்காந்திருந்த?’

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான்தான் சொன்னேன் என்பது வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. கோழை. அடி வாங்கிப் பழகியவன் இந்த ஒன்றை வாங்கத் துணியவில்லை.

‘காலு மரத்துப் போச்சுக்கா’ என்றான் அவன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு காபி வாங்க வெளியே போனாள். கட்டுக்கு வெளியே இருந்த ஒற்றைக் கண்ணால் அவன் என்னைத் தேடினான். நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னைத் தேற்றுகிற மாதிரி, மெதுவாகச் சொன்னான்.

‘நீங்க தப்பா ஒண்ணும் சொல்லல மாமா. தரையிலதான் சுட்டாங்க.’