கடவையில் அருளப்பு அண்ணை விட்ட மூச்சு

சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அருளப்பு அண்ணையின் மகள் மேரி தொலைபேசியில் அழைத்தாள். “மாமா, அப்பா போயிட்டார்.” நான் போட்ட சத்தத்தில் சந்தையே நின்றுவிட்டது. அழுகைக்கு நடுவே அவள் இன்னொன்றும் கேட்டாள்: “ரெயில் கடவையிலை அப்பாதான் பாராமல் பஸ்ஸை ஏத்தினவர் எண்டு இப்பவும் கதைக்கினம். உண்மையோ மாமா?”

அண்ணையை அறிந்தவர்களே, அதற்குப் பதில் தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான்.

குருநகர்க்காரரான அருளப்பு அண்ணை சாரதி, நான் நடத்துனர். பதினெட்டு வருடம் ஒரே பஸ். மற்றவன் பெல் அடித்தால் அது சத்தம். நான் அடித்தால் கட்டளை.

சண்டைக் காலத்து வெடிச்சத்தம் அண்ணையின் தலைக்குள் தங்கிவிட்டது. டயர் வெடித்தாலே வியர்த்துப்போவார். ஆஸ்பத்திரி கிளினிக்கில் மூச்சைக் கவனிக்கப் பழக்கினார்கள். பஸ் எடுக்குமுன் கண்மூடி ஐந்து நிமிடம் இருப்பார்.

“என்னண்ணை, பூசை தொடங்கீட்டுதோ?”

“இரடா. மண்டைக்குள்ளை மூண்டு கூட்டம். ஒண்டு பழசையும் வரப்போறதையும் அரைச்சுக்கொண்டிருக்கும். ஒண்டு வேலை பார்க்கும். மற்றது, இப்ப எது முக்கியமெண்டு பார்த்து ஆளை மாத்திவிடும். அவைக்குள்ளை தொடுப்புக் குழம்பினால் பயம் றைவர் சீற்றிலை ஏறியிடும். கவனிச்சுப் பழகினால் தொடுப்புச் சீராகுமாம்.”

எட்டாம் வகுப்போடு நின்ற நான் உடனே விளங்கிக்கொண்டேன். பிறகு பயணிகளுக்கு டொக்குத்தரைவிடத் திறமாக விளக்கியும் வந்தேன்.

அந்தக் கடவையில் காவலாளி இல்லை. நடத்துனர் இறங்கி, இரு பக்கமும் பார்த்துவிட்டு, போகலாம் என்று இரண்டு பெல் அடிக்கவேண்டும். அன்று பஸ் வாசலை மறித்து ஒரு ஆச்சியின் வெங்காய மூட்டை.

“ஆச்சி, மூட்டைக்கும் டிக்கெட் எடுங்கோ!”

“முதல்லை உன்ரை வாய்க்கு எடடா!”

பஸ் சிரித்தது. ரோசத்தில் நான் இறங்காமலே பெல் அடித்துவிட்டேன்.

தண்டவாளத்தில் ஏறியதும் எஞ்சின் நின்றது. ரெயில் ஊதியது. இருநூறு பேர் என்றுதான் வழக்கமாகச் சொல்வேன். அறுபது பேர் இருந்தார்கள். எல்லோரும் வாசலில் நெரிபட்டார்கள், மூட்டை குறுக்கே கிடந்தது. அண்ணையின் தோளை உலுக்கினேன். அவர் திரும்பவில்லை. “நெஞ்சு அடிக்குது. அடிக்கட்டும்,” என்று தனக்குத்தானே சொல்லி, ஒரு மூச்சை முழுதாக விட்டார். கியரைத் தளர்த்தித் திறப்பைத் திருப்பினார். எஞ்சின் இருமியது. மறுபடி திருப்பினார். பஸ் பாய்ந்தது, பின்னால் ரெயிலின் காற்று என் சட்டையைத் தூக்கியது.

விசாரணையில் அண்ணையைக் கேட்டார்கள்: “கொண்டக்டர் இறங்கிப் பார்த்தவரோ?”

“கவனிக்கேல்லை ஐயா. என்ரை பிழை.”

எல்லாவற்றையும் கவனிக்கிற மனிதர் சொன்ன பொய். ஒரு மாதம் அவருக்கு வேலையில்லை. வெளியே வந்து நான் வாயெடுக்குமுன், “உனக்கு மூண்டு குஞ்சுகள் இருக்கு. வா, தேத்தண்ணி குடிப்பம்,” என்றார். நானோ ரெயிலையே கைகாட்டி மறித்ததாக ஊரெல்லாம் கதைவிட்டேன்.

நேற்றுச் சவப்பெட்டியருகே மேரி என் முகத்தைப் பார்த்து நின்றாள். நாக்கு ஒரு நல்ல கதையோடு தயாராக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் பொறுத்தேன்.

“பிள்ளை, இறங்கிப் பாராமல் பெல் அடிச்சது நான்.”

அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அப்படிப் பொறுத்த அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான். மேரி இன்னும் என்னோடு கதைக்கவில்லை.