ஆஸ்பத்திரிக்கு விட்ட கிடா

அம்மனைக் கும்பிட்டு, அவள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அக்கா உயிரோடு இருக்கும்போதே இதை எழுதச் சொன்னார்கள். பல வருஷமாகச் சொன்னார்கள். பேனாவை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், தாளை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பது ஒரு காரணம். சாமி காரியத்தை எழுத்தில் வைப்பதற்குப் பயம் என்பது இன்னொரு காரணம். இவற்றைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அது என்னவென்று படித்து வரும்போது உங்களுக்கே தெரியும். அக்காவின் முதல் வருஷத் திதி வருகிறது; அன்றைக்கு வருகிறவர்கள் கையில் இதை அச்சடித்துக் கொடுக்கப் போகிறோம். இனியும் தள்ளிப்போட என்னிடம் சாக்கு இல்லை.

அக்கா பிறந்தது பசுவந்தனைக்குக் கிழக்கே எங்கள் ஊரில். நாங்கள் ஆடு மேய்த்த குடும்பம். மழை பெய்தால் புஞ்சை, பெய்யாவிட்டால் ஆடு, அவ்வளவுதான் பிழைப்பு. அப்பா ஊர் ஊராக ஆட்டுக்கிடை போடப் போய்விட்டால் வீட்டில் அம்மாவுக்கு அடுத்த ஆள் அக்காதான். நான் பள்ளிக்கூடம் போவதற்காக அக்கா பள்ளிக்கூடத்தை விட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அக்காவைக் கேட்டால், "எனக்கு வாத்தியாரவிட ஆடு மேல்" என்று சிரிப்பார்கள். ஓட்டப்பிடாரம் பக்கம் வாக்கப்பட்டுப் போனார்கள்; பின்னால் நானும் அந்த ஊருக்கே பிழைக்க வந்துவிட்டேன். அத்தானும் ஆடும் மானாவாரிப் புஞ்சையும் வைத்திருந்தவர்தான். நல்ல மனுஷர். அதிர்ந்து பேசமாட்டார்.

கல்யாணமாகி வெகுநாள் பிள்ளை இல்லை. உண்டானது இரண்டு தடவை தங்கவில்லை. மூன்றாவதுதான் இன்று உங்கள் முன்னால் நிற்கிற என் மருமகள். அவளும் மாசம் நிறையாமல் டவுன் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தாள். உள்ளங்கை அளவு இருந்தாள். உடம்பில் சூடே இல்லை. பச்சைப்பிள்ளைகளைச் சூடாக வைத்திருக்கும் பெட்டி ஒன்று அங்கே உண்டு. வார்மர் என்பார்கள். எல்லாப் பெட்டியிலும் பிள்ளைகள் கிடந்தன. நர்ஸம்மா ஒரு பெட்டியில் கிடந்த பிள்ளையைக் கொஞ்சம் ஒதுக்கி, பக்கத்தில் இவளைப் படுக்க வைத்தார்கள். அந்த நர்ஸம்மா உட்காரவே இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

அக்கா கண்ணாடிக்கு வெளியே நின்று, "எம் பிள்ளையக் காப்பாத்திக் குடு, ஒரு கெடா விடுதேன்" என்று வாய்விட்டுச் சொன்னார்கள். நான் பக்கத்தில் நின்றேன். எந்தச் சாமி பெயரையும் சொல்லவில்லை. கண் அந்தப் பெட்டி மேல்தான் இருந்தது.

பிள்ளை பிழைத்தாள். கூடப் படுத்திருந்த பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அது என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. "அந்தப் பிள்ள எடத்துலதானலே எம் பிள்ள படுத்துச்சு" என்று அக்கா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஊருக்கு வந்ததும் அத்தான் நல்ல குட்டி ஒன்றைப் பிடித்து, பழக்கம் போலக் காது நுனியை வெட்டி விட்டுவிட்டார். தப்பு அங்கேதான் நடந்தது. வெளியூர்ச் சொந்தங்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் சாமிக்கு நேர்ந்த ஆட்டுக்குத்தான் காது வெட்டுவார்கள். அந்த அடையாளம் இருந்தால் யார் புஞ்சையில் மேய்ந்தாலும் விரட்டமாட்டார்கள். அதை யாரும் வாங்கவும் மாட்டார்கள்.

கிடா நன்றாக வளர்ந்தது. அப்போதுதான் அக்கா மனசில் இருந்ததைச் சொன்னார்கள்.

"கிடாய வித்து அந்தப் பெட்டி வாங்குததுக்குக் குடுக்கணும்."

அத்தான் பயந்துபோனார். "காது வெட்டியாச்சே. அம்மனுக்கு ஆயிட்டுல்லா?"

"நான் அம்மன் பேரச் சொல்லலியே. நீங்க வெட்டுனதுக்கு நான் என்ன செய்ய?"

ஒரு கிடா விலைக்குப் பெட்டி வராது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார்கள். அதனால் அக்கா உளுந்து பறிக்கப் போகிற இடம், பருத்தி எடுக்கிற இடம் எல்லாவற்றிலும் பெண்களிடம் கேட்டார்கள். பணம் கேட்கவில்லை. "காசாக் கேட்டா யார்ட்டயும் இருக்காது. குட்டியாக் கேட்டா இருக்கும். அதுபாட்டுக்கு மேயட்டும், வளரட்டும்" என்பது அக்கா கணக்கு. அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற நாலைந்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு குட்டி விட்டார்கள். அவர்களும் காதை வெட்டித்தான் விட்டார்கள். வேறு அடையாளம் அவர்களுக்கும் தெரியாது.

முதல் கிடாயை எட்டயபுரம் சந்தைக்கு நானும் அக்காவும் கொண்டுபோனோம். எங்கள் அப்பா காலத்திலிருந்து எங்களிடம் ஆடு வாங்குகிற பாய் ஒருவர் உண்டு. கிடாயைத் தடவிப் பார்த்தார். காதைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

"என்ன தாயி, சாமி கிடாயக் கொண்டுவந்திருக்கீங்க?"

"சாமிக்கில்ல பாய். ஆஸ்பத்திரிக்கு விட்டது."

"இருக்கலாம். காது அப்படிச் சொல்லலியே. உங்க சாமிக்குன்னு விட்டத நான் அறுத்தா எனக்கும் பாவம்தான. உங்க ஊரு சரின்னு சொல்லட்டும், நானே வாங்கிக்கிடுதேன்."

சந்தையில் வேறு யாரும் கிட்டவே வரவில்லை. கிடாயை நடத்திக்கொண்டு திரும்பி வந்தோம். அது ஊருக்குள் வந்து சேருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது.

அது புரட்டாசி. மழைக்கு முந்தியே விதைத்துப் போட்டிருந்தோம். மேகம் கூடும், கலையும். விதை மண்ணுக்குள் கிடந்து எறும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. "சாமி கெடாயச் சந்தைக்கு ஓட்டுனா மழை எங்கிட்டு பெய்யும்" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார். மறுநாள் ஊரே சொன்னது. அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்கு வரி பிரிக்கிறவர்கள் அக்கா வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். அத்தான் தானே கொண்டுபோய் நீட்டினார். "இப்பத்தைக்கு இருக்கட்டும்" என்றார் ஊர்த்தலைவர்.

வரி வாங்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் சனத்துக்குத் தெரியும். நல்லதுக்கும் வரமாட்டார்கள், கெட்டதுக்கும் வரமாட்டார்கள். ஆடு விட்ட மற்றப் பெண்களும் அக்காவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இது எல்லாவற்றையும் அக்கா தாங்கிக்கொண்டார்கள். தாங்க முடியாதது ஒன்றுதான். பிள்ளை தும்மினால் போதும், அம்மன் கோபமோ என்று அக்கா ஓடிவருவார்கள். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். "யக்கா, பேசாம அம்மனுக்கே குடுத்துருவோம்" என்றேன். "குடுத்துரலாம்லே. அந்தப் பெட்டியில இன்னமும் ரெண்டு ரெண்டாத்தான் கெடக்கும்" என்றார்கள்.

கடைசியில் அக்காவே போய்ச் சாமியாடியைப் பார்த்தார்கள். அவர் அத்தானுக்குச் சித்தப்பா முறை.

"சின்ன மாமா, அம்மன்ட்டயே கேட்ருங்க. வேண்டாம்னா வேண்டாம்."

"வேண்டாம்னு வந்தா மல்லுக்கு நிக்கக் கூடாது தாயி."

"நிக்க மாட்டேன்."

கேட்கிற முறை இதுதான். மஞ்சள் தண்ணீரைக் கிடாயின் முதுகில் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறிச் சிலிர்த்துக்கொண்டால், அதைத் துலுக்குவது என்போம், சாமி ஒத்துக்கொண்டதாக அர்த்தம். மதியக் கொடையில் ஊரே கூடியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். சாமியாடி அருள் வந்து நின்று கேட்டார்:

"தாயே, இந்தக் கெடா உனக்கா? பச்சப்பிள்ளைக கெடக்குத எடத்துக்கா? அங்க போகட்டும்னா துலுக்கிக் காட்டு!"

தண்ணீர் ஊற்றினார்கள். கிடா அசையவில்லை.

மறுபடி ஊற்றினார்கள். அது கழுத்தை நீட்டி, சாமியாடி கையில் இருந்த வேப்பிலையை ஒரு வாய் கடித்தது. கூட்டத்தில் ஒரு கிழவர், "ஏலே, அது பசியில நிக்கி. நீங்க உத்தரவு கேக்கீங்க" என்றார். சிலர் சிரித்தார்கள்.

மறுபடியும் ஊற்றினார்கள். நின்றது நின்றபடி நின்றது. மேளக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். "போதும். அம்மன் தரமாட்டேன்னுட்டா" என்றார் தலைவர்.

அக்கா பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போனார்கள். சண்டைக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். "ஈரத்தோட நிக்கே, பாவம்" என்று சொல்லிக்கொண்டு முந்தானையால் கிடாயின் முதுகைத் துடைத்தார்கள். தோற்றவர்கள் துடைப்பதுபோல் மெதுவாகத் துடைத்தார்கள். கை கழுத்துக்குப் போனபோது கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு துலுக்குத் துலுக்கியது. மஞ்சள் தண்ணீர் சாமியாடி மேலும் தலைவர் மேலும் தெறித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மேளம் பிடித்துக்கொண்டது. சாமியாடி அக்கா நெற்றியில் திருநீறு பூசினார்.

குலவை அடங்கியதும் பேச்சு கிளம்பியது.

"தொடச்சா ஆடு துலுக்கத்தான் செய்யும். இது உத்தரவா?"

"தண்ணி ஊத்துனாலும் துலுக்கத்தான் செய்யும். அத மட்டும் உத்தரவுங்கீங்க?"

சாமியாடியைக் கேட்டார்கள். "ஆடுனவனுக்கு என்னடே தெரியும்? நீங்கதான பாத்துக்கிட்டு நின்னீங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தலைவர் அன்றைக்கே அக்கா வீட்டு வரியை வாங்கிக்கொண்டார். அவர் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் மழை பிந்திப் பெய்தது, சுமாராகத்தான் பெய்தது.

அடுத்த சந்தைக்கு ஊர்க்காரர்கள் சிலரும் எங்களோடு வந்தார்கள். பாய் கிடாயை வாங்கினார். "உங்க அம்மன் மனசு எனக்குத் தெரியாது தாயி. ஊர்க்காரவிய கூட வந்து நிக்காவ. எனக்கு அது போதும்" என்றார். மற்ற ஆடுகளும் வளர்ந்து, விற்று, சேர்ந்து ஒரு வார்மர் பெட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் முறைப்படி ஒப்படைத்தோம். அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் ஆடு வருகிறது. எங்கள் ஊர் மட்டுமில்லை, பாஞ்சாலங்குறிச்சி வரை ஆஸ்பத்திரிக்கென்று குட்டி விடுகிறார்கள். பெட்டி, கம்பளித்துணி, தாய்மார் உட்காரப் பெஞ்சு என்று ஒவ்வொன்றாகப் போய்ச் சேருகிறது.

என் பெரிய பயம் இங்கேதான் இருக்கிறது. ஆடு பெருகியதுபோல் கதையும் பெருகிவிட்டது. கேட்ட உடனே கிடா துலுக்கியது என்கிறார்கள். அம்மன் அக்கா கனவில் வந்து சொன்னாள் என்கிறார்கள். துலுக்கவே இல்லை, அதனால்தான் அக்காவுக்குக் கடைசியில் அந்த நோய் வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. கனவு எதுவும் வரவில்லை. அக்காவுக்கு வந்தது சர்க்கரை. அது கிட்னி இரண்டையும் கெடுத்தது. எங்கள் அப்பாவுக்கும் அதே நோய்தான். அவர் எந்தக் கிடாயையும் சந்தைக்குக் கொண்டுபோகவில்லை.

கடைசி நாட்களில் அக்கா அதே ஆஸ்பத்திரியில்தான் கிடந்தார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த வெளியூர் அம்மா ஒருவர் அக்காவைத் தெரிந்துகொண்டு, "கேட்டதும் கெடா துலுக்குச்சாமே, அந்தம்மா நீங்கதானா?" என்று காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். "கேட்டதும் துலுக்கல ஆத்தா" என்றார்கள் அக்கா. அந்த அம்மா நம்பவில்லை. அடக்கமாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் போய்விட்டார்.

அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்கள்.

"ஏலே, நீ பாத்தவன்தான. எழுது."

"யக்கா, உள்ளதச் சொன்னா சனங்க ஆடு விடுதத நிறுத்திட்டா? அந்தப் பிள்ளைக கதி?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்கள். தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"எனக்கும் அதான் பயம். பயத்தோடயே எழுது."

"உனக்கு என்ன தோணுது? அம்மன் துலுக்குனதா, வெறும் ஆடா?"

"தெரியலலே. தொடைக்கையில கைக்குள்ள ஒரு நடுக்கம் இருந்துச்சு. அது என் நடுக்கமா, ஆட்டு நடுக்கமான்னே எனக்குத் தெரியல."

அதற்குப் பிறகு அக்கா அதைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளை, மருமகன், அத்தான், நான் எல்லோரும் பக்கத்தில் இருக்கத்தான் போனார்கள்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த ஆட்டோத் தம்பிக்கும், சமைத்துக் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு மதினிக்கும், எடுத்துச் செய்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. பாய் அவர்கள் இப்போது நடக்க முடியாமல் இருக்கிறார்கள். ஆனாலும் அக்காவின் துக்கத்துக்கு மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சாமியாடிச் சின்ன மாமா அக்காவுக்கு முந்தியே போய்விட்டார்கள். அவர்களையும் நினைத்துக்கொள்கிறோம்.

புரட்டாசிக் கொடை நெருங்கிவிட்டது. இதைப் படித்துவிட்டு எத்தனை வீட்டில் குட்டி விடுவார்கள், எத்தனை வீட்டில் நிறுத்திக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அச்சாபீஸில் கொடுக்கிற இன்றைக்கும் அந்தப் பயம் போகவில்லை. எங்கள் வீட்டுக் குட்டி ஒன்று வாசலில் நிற்கிறது. இன்னும் காது வெட்டவில்லை. நானும் பயத்தோடுதான் வெட்டப் போகிறேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அக்கா கதையை யாரிடமாவது சொல்ல வேண்டி வந்தால், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். துலுக்கியது என்று மட்டும் சொல்லாதீர்கள். துலுக்கவில்லை என்றும் சொல்லாதீர்கள். மூன்று தடவை தண்ணீர் ஊற்றியும் நின்றது, அக்கா துடைத்தார்கள், அதற்குப் பிறகு துலுக்கியது என்று, நடந்த வரிசையிலேயே சொல்லுங்கள்.